பேசாத பிள்ளையின் தாய்மொழி

தெளிவாகப் பேசுபவனை அறிவாளி என்று போற்றுவதும், பேச்சுத் தடுமாறுபவனை அறிவிலி என்று ஒதுக்குவதும் உலகத்தார் வழக்கம். மொழியே அறிவின் அளவுகோல் என்னும் இந்த எண்ணத்தின் சுமை முழுவதையும் தாங்குவோர் ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம் போன்ற குறைபாடுகளோடு வளரும் பிள்ளைகளே. தமிழ் மரபோ இவ்வாறு அளக்கவில்லை. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பியர், ஆறாவது அறிவாக மனத்தை வைத்தார், பேச்சை வைக்கவில்லை. நாவுக்கு அவர் அளித்தது இரண்டாம் இடம், அதுவும் சுவையறிவதற்காக.

மொழித்திறனும் பிற அறிவுத்திறனும் தனித்தனியே வளரக்கூடும் என்பதற்கு இக்கால ஆய்விலும் சான்று உண்டு. நீல் ஸ்மித், இயாந்தி சிம்ப்ளி என்னும் மொழியியலறிஞர் இருவர் 1995இல் வெளியிட்ட நூல், இங்கிலாந்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றியது. 15க்கும் மேற்பட்ட மொழிகளைக் கையாண்ட அவர், தம்மைத் தாமே பேணித் தனித்து வாழ இயலாதவராக இருந்தார். மொழி பெருகிய இடத்தில் பிற ஆற்றல்கள் குன்றியிருக்கலாமென்றால், மொழி குன்றிய இடத்தில் மனம் நிறைந்திருக்கக்கூடாதா?

இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையே உள்ள ஜெஞ்சாரோமில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் பாட்டியின் தமிழ், கடைத்தெருவில் ஹொக்கியன், பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். அங்கே வளரும் பிள்ளை இத்தனை ஒலிகளுக்கும் நடுவே இயல்பாகப் பேசக் கற்றுக்கொள்கிறது. ஆனால் மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்றால், அக்கம்பக்கத்தாரும் உறவினரும், சில வேளைகளில் பயிற்சி தருவோரும், ஒரே அறிவுரையைச் சொல்கின்றனர்: "பிள்ளை குழம்புகிறது, வீட்டில் ஒரு மொழியே போதும்." அந்த ஒரு மொழி எது? பயிற்சியும் பள்ளியும் எந்த மொழியில் கிடைக்குமோ அதுவே. ஆக, முதலில் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவது தமிழ்.

பிள்ளையின் மனத்தை ஒரு சிறு குடமாகவும், மொழியை அதில் ஊற்றும் நீராகவும் கருதுவதால் வரும் பிழை இது. கனடாவில் டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளை ஆராய்ந்து கே-ரெயினிங் பேர்டும் அவருடன் பணியாற்றியோரும் 2005இல் வெளியிட்ட முடிவு, இரு மொழிகளால் அப்பிள்ளைகளின் மொழிவளர்ச்சி கெடவில்லை என்பதாகும். அந்நாட்டிலேயே ஹாம்பிளி, ஃபோம்பான் இருவரும் ஆட்டிசம் உள்ள 75 பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் எழுதியதும் இதையே கூறிற்று: இருமொழிச் சூழலில் வளர்ந்தோருக்கு அதன் காரணமாகக் கூடுதல் பின்னடைவு ஏற்படவில்லை. ஆராயப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதன்று. எனினும் தாய்மொழியைக் கைவிடச் சொல்வோர்தாம் தம் கூற்றுக்குச் சான்று தர வேண்டிய நிலையில் உள்ளனர்.

தமிழ் நின்றுபோன வீட்டில் நிகழ்வதென்ன? ஆங்கிலம் சரளமாக வராத தாய், பிள்ளையிடம் "ஈட்", "சிட்", "கம்" என்று கட்டளைகளை மட்டுமே சொல்கிறாள். கொஞ்சுவதற்கும் கடிந்துகொள்வதற்கும் கதை சொல்வதற்கும் அவளிடம் அம்மொழியில் சொற்கள் இல்லை. பிள்ளையைக் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சிப் பாட்டி வாய்மூடுகிறாள். ஏற்கெனவே பிறரோடு பேச்சு குறைந்திருக்கும் பிள்ளையின் காதில் விழும் சொற்கள் மேலும் சுருங்குகின்றன. வீட்டார் தமக்குள் தமிழில் பேசிச் சிரிக்கும்போது அது மட்டும் வெளியாளாய் அமர்ந்திருக்கிறது. மருந்தென்று கொடுத்தது பத்தியமாக முடிகிறது.

இதற்காகப் பெற்றோரைப் பழிப்பது அறமன்று. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கையை மலேசியக் கல்வியமைச்சு 2019இல் நடைமுறைப்படுத்தியது, அது நற்செயலே. ஆனால் சிறப்புக் கல்வி வகுப்புகளைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் மிகச் சில. கிடைத்த இடத்தில் பிள்ளையைச் சேர்க்கும் தந்தை, அங்குள்ள மொழியைத் தானே நாடுவார்? மலாய் கற்பது பிள்ளைக்கு நன்மையே. மலாய்க்கு இடம் தரத் தமிழை அகற்ற வேண்டும் என்பதுதான் தவறு.

தாய்மொழிக்காக மேடை போடும் சமுதாயத்திற்கும் இதில் பங்குண்டு. தமிழ்விழாக்களில் பரிசு பெறுவோர் தடையின்றிப் பேசும் பிள்ளைகளே. பத்துச் சொற்களை மட்டும் அறிந்த பிள்ளைக்கு அந்தப் பத்தையும் தமிழில் தர எவர் முயன்றார்? அதற்கான பாடக்கருவிகளை ஆக்கப் புகுந்தாலும், "நீர் அருந்துகிறேன்" என்னும் செந்தமிழைத்தான் எழுதுவர். வீட்டிலோ அது "தண்ணி". இலக்கணத் தூய்மை வேறிடத்தில் வேண்டுவதாயினும், தாகத்தைச் சொல்ல இயலாத பிள்ளைக்கு வீட்டுச் சொல்லே முதற்சொல்.

பேச்சு வராத பிள்ளைகள் படத்தைத் தொட்டுத் தம் தேவையை உணர்த்தும் அட்டைகள் இப்போது வழக்கிலுள்ளன. அட்டையில் எந்த மொழியில் எழுதியிருந்தாலும், பிள்ளை அந்தப் படத்தில் விரல் வைக்கும்போது அருகிலிருக்கும் பாட்டி "சோறா வேணும் அய்யாவுக்கு?" என்று கேட்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.