புளியும் கண்ணாடிப் பெட்டியும்

ஒரு பொருளை நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? தேக்கா பக்கம், கேம்பல் லேன் கடைகளில் பித்தளை லட்சுமி வாங்குகிறவர்களிடம் கேட்டால், வெள்ளிக்கிழமைக்கு முன்னால புளி போட்டுப் பளபளன்னு விளக்கணும் என்பார்கள். அருங்காட்சியகத்தில் சிலைகளைப் பாதுகாக்கிறவரிடம் கேட்டால், புளி என்றதுமே பதறிப்போவார்.

பதறுவதில் நியாயம் இருக்கிறது. பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. காற்றும் ஈரமும் பட்டால் மேலே மெல்லிய கறுத்த படலம் உண்டாகும். அடியில் இருக்கும் உலோகத்தை ஓரளவு காப்பதும் அதுதான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. நாம் ரசிக்கும் பளபளப்பு, புதிதாக வெளிப்பட்ட உலோகம். அதாவது, ஒவ்வொரு தேய்ப்பிலும் அம்மன் கொஞ்சம் குறைகிறாள். எலுமிச்சையோடு உப்பும் சேர்த்தால் இன்னும் மோசம். சரியாகக் கழுவாமல் நகை மடிப்புகளில் தங்கும் உப்பு, சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்து அம்மன் உண்டு. மூக்கு தேய்ந்து ஏறக்குறைய மழுங்கிவிட்டது. இதையெல்லாம் விளக்கி, இனிமே துணியால துடைச்சா போதும்மா என்றேன். "தொடாம வச்சா அது பொம்மைடா" என்றார் அம்மா. வேதியியலில் இதற்குப் பதில் கிடையாது.

செம்பில் களிம்பு எப்படியோ அப்படித்தான் உயிரில் ஆணவ மலம் என்பது சைவ சித்தாந்தத்தின் பழைய உவமை. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, கூடவே இருப்பது. அந்த மரபில் வந்த கைக்கு விளக்குவது வெறும் வீட்டுவேலை அல்ல. பழைய உற்சவ மூர்த்திகள் பலவற்றின் முகம் அபிஷேகத்திலும் துடைப்பிலும் வழவழப்பாகியிருக்கும். சிலவற்றுக்குக் கண்ணைத் திரும்பச் செதுக்கியிருப்பார்கள். அருங்காட்சியகக் கணக்கில் அது சேதம். கோயில் கணக்கில் அது நாள்தோறும் தொட்டதன் அடையாளம்.

இந்த இரண்டு கணக்கும் மோதிய இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிக அருங்காட்சியகம் 2007இல் சோழர் கால உமா பரமேஸ்வரி செப்புத்திருமேனி ஒன்றை நியூயார்க்கில் சுபாஷ் கபூர் நடத்திய கடையிலிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து திருடப்பட்டவள் அவள். பூஜை நின்று பூட்டிக் கிடந்த கோயில் அது. 2008இல் திறந்து பார்த்தபோதுதான் சிலைகள் இல்லை என்பதே ஊருக்குத் தெரிந்தது. இங்கே அவளை வாங்கிய மறு ஆண்டில்! அதே கோயிலின் நடராஜரை ஆஸ்திரேலியா 2014இல் திருப்பித் தந்தது. 2015இல் உமாவை ஒப்படைக்க நம் அருங்காட்சியகமும் சம்மதித்தது.

"அங்கேயே இருந்திருந்தா யாரு பாத்திருப்பா? இங்க பத்திரமா இருந்தாங்கல்ல" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேலிக்காகக் கேட்பதில்லை, வௌவால் குடியிருக்கும் கோயில்களை அவர்களும் பார்த்தவர்கள்தான். ஆனாலும் எனக்கு அது ஒப்பவில்லை. திருவிழாவில் தொலைந்த குழந்தையை ஒருவர் நன்றாக வளர்த்தார் என்றால் அவருக்கு நன்றிக்கடன் உண்டு. அதனால் பிள்ளை அவருடையதாகிவிடாது. இங்கே இன்னொன்றும் இருக்கிறது. அருங்காட்சியகம் நல்லெண்ணத்தில்தான் வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 'பத்திரமாகப் பார்த்துக்கொள்ள' இவ்வளவு கொடுக்க ஆள் இருக்கிறது என்பதால்தானே அங்கே பூட்டு உடைகிறது? பாதுகாப்பு என்று நாம் சொல்வது ஆபத்தின் மறுமுனையாகவும் இருக்கலாம்.

அதற்காக ஸ்ரீபுரந்தானைத் தூக்கிப் பிடிக்கவும் முடியவில்லை. சொந்தம் அவர்களுடையதுதான். ஆனால் காணாமல் போனது தெரியாத அளவுக்கு அந்தச் சொந்தம் தூங்கிப்போயிருந்தது. நான் யோசித்து யோசித்து வந்து நிற்கும் இடம் இது: ஒன்று இல்லாமல் போனால் எத்தனை நாளில் நமக்குத் தெரியும் என்பதுதான் பராமரிப்பின் அளவு. எங்கள் அம்மன் காணாமல் போனால் வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மூக்கைத் தேய்த்த அதே கைதான் காவலும்.

கை மட்டும் போதாது, பதிவும் வேண்டும். திருடுபோன பல சிலைகளை அடையாளம் காண உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். எடுத்தவர்கள் எதையும் விளக்கவில்லை, கும்பிட்டார்களா என்பதும் முக்கியமில்லை. கவனித்தார்கள், குறித்து வைத்தார்கள். வீட்டு அம்மனுக்கும் இதே வழிதான் எனக்குத் தோன்றுகிறது. புளி ஆடிக்கும் நவராத்திரிக்கும் மட்டும். மற்ற நாளில் மெல்லிய துணி. அபிஷேகம் செய்தால் நல்ல தண்ணீரில் கழுவி, இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைப்பது. நான்கு பக்கமும் ஒரு போட்டோ.

பெரிய கேள்வி அப்படியே இருக்கிறது. மீட்கப்பட்ட திருமேனிகள் பல, சொந்தக் கோயிலுக்குப் போகாமல் கும்பகோணம் போன்ற ஊர்களின் பாதுகாப்பு மையங்களில் பூட்டப்பட்டிருக்கின்றன. களவு போகாது, களிம்பும் அவ்வளவாக ஏறாது. ஆனால் பூவும் இல்லை, விளக்கும் இல்லை, தொடுகிற கையும் இல்லை. கேட்டு வாங்கியாகிவிட்டது. இனி அவர்களைத் தினமும் தேடப்போவது யார்?