உன் தும்மலை நீயே விசாரி!

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் உழைக்கும் தம்பியே, தங்கையே! காலையில் உள்ளே நுழைந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறாய். "ஜலதோஷம்தானே" என்று மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாய். மாதக்கணக்கிலா ஒரு ஜலதோஷம் நீடிக்கும்?

ஜலதோஷம் வைரஸால் வருவது. தொண்டை கரகரக்கும், உடம்பு வலிக்கும், லேசாகக் காய்ச்சலும் அடிக்கலாம். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தணிந்துவிடும். அலர்ஜிக்குக் காய்ச்சல் கிடையாது. கண்ணும் மூக்கும் அரிக்கும், மூக்கு தண்ணீராய் ஒழுகும், வாரக்கணக்கில் விடாது. சளி மஞ்சளாகிவிட்டதே என்று ஆன்டிபயாடிக் விழுங்காதே. சாதாரண ஜலதோஷத்திலும் நிறம் மாறும். அந்த மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது.

இதைவிடப் பெரிய தடயம் உன்னிடமே இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையின் பிசிறைச் சுரண்டுகிறாயே, வெள்ளைத் தூள் புருவம்வரை படிகிறதே, அப்போது தும்மல் கூடுகிறதா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் குறைகிறதா? திங்கட்கிழமை மறுபடி பிடித்துக்கொள்கிறதா? அப்படியானால் வேலையிடத்துத் தூசியைச் சந்தேகப்படு. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. "நான் படிக்காதவள், எனக்கென்ன தெரியும்" என்று மட்டும் சொல்லாதே! களிமண்ணின் பதத்தைத் தொட்டுப் பார்த்தே சொல்கிற கை உன்னுடையது. உன் உடம்பின் போக்கு உனக்குத் தெரியாமல் போகுமா?

இன்னொன்றையும் அஞ்சாமல் தெரிந்துகொள். களிமண்ணோடு சேர்க்கும் குவார்ட்ஸில் இருப்பது சிலிக்கா. அதன் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகும். ஆண்டுக்கணக்கில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அது ஜலதோஷமும் அல்ல, அலர்ஜியும் அல்ல. இருமல் தங்கிவிடும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், காசநோய் தொற்றும் ஆபத்தும் கூடும். வந்தபின் குணமாக்க மருந்தில்லை; வராமல் தடுக்க முடியும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது.

ஆகவே உலர்ந்த தூளை விளக்குமாற்றால் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. முந்தானையும் துண்டும் நுண்தூளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வேண்டும், தூசியை உறிஞ்சும் விசிறி வேண்டும் என்று முதலாளியிடம் நிமிர்ந்து கேள். அது சலுகை அல்ல, உன் உரிமை! மருத்துவரிடம் போனால் "சளி பிடிச்சிருக்கு" என்பதோடு நிறுத்தாதே. நோட்டைக் காட்டு. "செராமிக் தூசியில இத்தனை வருஷமா வேலை பார்க்கிறேன், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேள்.