காற்று போகிறது, மூச்சு வரவில்லை

"மூக்கு காலியா இருக்குடா தம்பி. ஆனா மூச்சு வரல."

கீழ்பென்னாத்தூர் வீட்டுத் திண்ணையில் பெரியப்பா மகன் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மூக்கில் சதை என்று அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம். ஸ்கேனில் வழி தாராளமாகத் திறந்திருக்கிறது. எல்லாம் மனசுதான் என்றார் டாக்டர். நாங்களும் அதையே சொன்னோம்.

நான் சாஃப்ட்வேர்க்காரன். யூசர் "வேலை செய்யல" என்பார், நான் லாகைப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்பேன். திண்ணையிலும் அந்தப் பழக்கம்தான் சிரித்தது.

பிறகுதான் படித்தேன். நாம் சதை என்பது பல நேரம் டர்பினேட். மூக்கின் பக்கச் சுவரில் சவ்வு போர்த்திய எலும்பு மடிப்பு. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அதன் வேலை. அதை அதிகமாக வெட்டிவிட்டால் சிலருக்கு, எல்லாருக்கும் இல்லை, வழி அகலமாகியும் மூச்சு முட்டும். 1994இல் மேயோ கிளினிக்கில் கெர்னும் ஸ்டென்க்விஸ்டும் இதற்கு எம்ப்டி நோஸ் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள்.

காற்று வருவதை மூக்கு பெரும்பாலும் குளிர்ச்சியை வைத்தே அறிகிறது. சளி பிடித்தால் பாட்டி தைலம் தடவுவாளே, அதிலுள்ள மென்தால் அடைப்பைத் திறப்பதில்லை. குளிர் உணரும் நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் "அப்பாடா, மூச்சு வருது" என்கிறோம். அதை யாரும் மனப்பிரமை என்று சொன்னதில்லை. அண்ணன் சொல்வது அதன் மறுபக்கம்: காற்று போகிறது, சேதி போகவில்லை.

இதைக் கண்டுபிடிக்க, வெட்டிய இடத்தில் டாக்டர் ஈரப் பஞ்சு வைத்துப் பார்க்கிறார். வழி குறுகும். மூச்சு சுலபமானால் சந்தேகம் வலுக்கும். ஆறு கேள்விப் படிவம் ஒன்றும் உண்டு. 30க்கு 11 வந்தாலே கவனிக்க வேண்டும். இரண்டிலும் கருவி நோயாளியின் வாய்தான். உப்புநீர், ஈரக்காற்று, சிலருக்கு இழந்த இடத்தை நிரப்பும் சிகிச்சை. மனச்சோர்வும் கூடவே வரும், அதையும் பார்க்கணும். அதையே காரணமாக்கி மூக்கை மறுப்பதுதான் அநியாயம்.

2013இல் சீனாவின் வென்லிங்கில், மூக்கு ஆபரேஷனுக்குப் பின் மூச்சு வரவில்லை என்று திரும்பத் திரும்ப முறையிட்டவருக்கு 'எல்லாம் சரி' என்றே பதில் வந்தது. கடைசியில் அவர் ஒரு மருத்துவரைக் குத்திக் கொன்றார். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அந்தப் பதிலை நானும் சொல்லியிருக்கிறேன்.

நம்புவது என்றால் சொன்னதெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. டிக்கெட்டை மூடாமல் வைப்பது. அடுத்த வாரம் வேறொரு டாக்டரிடம் பஞ்சு வைத்துப் பார்க்கப் போகிறார் அண்ணன். நானும் லீவு போட்டிருக்கிறேன்.