விசாப் படிவமும் வாய்மையும்



நமது காரைக்கால் சபராளிகளின் ஊர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம் முன்னோர் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்று வாணிபம் செய்தார்கள். 1954 நவம்பர் முதல் நாள் நம் ஊர் இந்தியாவின் நிர்வாகத்தில் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைந்தது. அதன் பின்னும் சபர் நிற்கவில்லை. இன்று வளைகுடாவிலும், பிரான்சிலும், ஐரோப்பாவின் பிற ஊர்களிலும் நம் பிள்ளைகள் உழைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே அடுப்பு எரிகிறது; குமர்கள் கரையேறுகிறார்கள்; பள்ளிவாசல்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது.

அன்று சபராளியை அச்சுறுத்தியது கடல் அலை. இன்று அச்சுறுத்துவது ஒரு படிவம். அதிலே ஒரு கேள்வி இருக்கிறது: “நீர் எப்பொழுதாவது கைது செய்யப்பட்டதுண்டா?” இந்த ஒற்றை வரியின் முன் எத்தனையோ வாலிபர்களின் பேனா நின்றுவிடுகிறது. “உண்டு” என்றால் பிழைப்பு போய்விடுமோ என்ற அச்சம். “இல்லை” என்றால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டுமே என்ற நடுக்கம். இது குறித்து மார்க்கம் என்ன கூறுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கைதானவர் யாவரும் குற்றவாளியா?

நம் பகுதியில் சிறு வழக்குகளில் கைதானோர் பல வகையினர். மறியலில் கலந்துகொண்டு, கலியாண மண்டபத்தில் வைக்கப்பட்டு, மாலையில் விடுவிக்கப்பட்டவர்கள் ஒரு வகை. தெருச் சண்டையில் விலக்கப்போய் தாமும் எஃப்.ஐ.ஆரில் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு வகை. கொரோனா ஊரடங்கின்போது வெளியே வந்து வழக்கில் சிக்கியவர்கள் இன்னொரு வகை. இவற்றோடு வெட்கத்துடன் சொல்ல வேண்டிய வகையும் உண்டு. காரைக்காலில் மலிவாகக் கிடைக்கும் மதுப்புட்டிகளை யாருக்காகவோ சுமந்து, நாகப்பட்டினம் மாவட்ட எல்லையைக் கடக்கும்போது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவர்கள். மது அருந்துபவனை மட்டுமன்று, அதைச் சுமப்பவனையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பதை இவ்வாலிபர்கள் மறந்துவிட்டார்கள். அவர்கள் முதலில் தவ்பாச் செய்யக் கடமைப்பட்டவர்கள்.

ஆயினும் கைது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு. ஹஜ்ரத் யூசுஃப் (அலை) அவர்கள் ஒரு நபி, குற்றமற்றவர்கள், சிறையில் பல்லாண்டுகள் இருந்தார்கள். ஆகவே ஒருவனுக்குப் போலீஸ் நிலையப் பதிவு உண்டு என்பதற்காக அவனைக் கேவலமாக எண்ணுவது முஸ்லிமுக்கு அழகன்று.

மூன்று சாக்குகள்

“இல்லை என்று போட்டுவிடு தம்பி, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று சில ஏஜெண்டுகள் சொல்லித் தருகிறார்கள். மார்க்கம் தெரிந்தவர்போல் சிலர் இதற்கு மூன்று சாக்குகளையும் எடுத்துத் தருகிறார்கள்.

முதற் சாக்கு: “நான் தவ்பாச் செய்துவிட்டேன். பாவத்தை மறைக்கும்படிதானே மார்க்கம் சொல்கிறது?” ஆம், சொல்கிறது. அல்லாஹ் மறைத்துவிட்ட பாவத்தை அடியான் தானே முன்வந்து பறைசாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் வெகுவாகக் கண்டித்துள்ளார்கள். ஆனால் மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. யாரும் கேட்காதபோது வாய் மூடியிருப்பது மறைப்பது. கேட்கும் உரிமையுள்ளவர் கேட்கும்போது, இல்லாததை எழுதிக் கையொப்பமிடுவது பொய்ச் சாட்சியம். பொய்ச் சாட்சியத்தை நபி (ஸல்) அவர்கள் பெரும் பாவங்களின் வரிசையில் எண்ணினார்கள். அதைக் கூறும்போது சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பக் கூறினார்கள் என்று ஹதீஸில் வருகிறது.

இரண்டாவது சாக்கு: “போலீஸார் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள், அதைக் கைது என்று நான் நினைக்கவில்லை.” இது வார்த்தையைப் புரட்டுவதாகும். ஃபிக்ஹில் இதற்குத் ‘தவ்ரியா’ என்று பெயர். ஒரு சொல்லைச் சொல்லி, கேட்பவர் ஒன்றை விளங்க, சொல்பவர் வேறொன்றை மனத்தில் வைத்திருப்பது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘அல்-அத்கார்’ என்னும் கிதாபில் இதைப் பற்றி விளக்கியுள்ளார்கள். தகுந்த தேவைக்கு இதில் இடமுண்டு. ஆனால் ஒரு தவறானதை அடைவதற்கோ, ஓர் உரிமையைத் தட்டிக் கழிப்பதற்கோ இதைப் பயன்படுத்தினால் ஹராமாகிவிடும் என்பது அவ்விளக்கத்தின் கருத்தாகும். மேலும், ஒருவர் உங்களிடம் சத்தியம் கேட்டால் அவர் எந்தப் பொருளில் கேட்டாரோ அந்தப் பொருளிலேயே அது அமையும் என்பது நபிமொழியின் கருத்து. விசா அதிகாரி கைது என்று கேட்கும்போது அவர் கருதுவது யாது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கருதிய பொருளுக்கே பதில் எழுத வேண்டும்.

மூன்றாவது சாக்கு: “பிழைப்புக்காகத்தானே! அதிலும் நான் உம்ராவுக்குப் போகிறேன்!” நபி (ஸல்) அவர்கள் பொய்க்கு இடமளித்தவை மூன்றே நிலைகள்: போர், இருவரைச் சமாதானப்படுத்துதல், கணவன் மனைவியருக்கிடையே அன்பை வளர்க்கும் பேச்சு. விசாப் படிவம் இம்மூன்றிலும் இல்லை. கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும் என்பது ‘ளரூரத்’ ஆகாது. பயணத்தில் தலைவிரிகோலமாய், புழுதி படிந்தவனாய்க் கையேந்தி துஆக் கேட்கும் ஒரு மனிதனைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய உணவும் உடையும் ஹராமாக இருக்க, அவனுடைய துஆ எங்ஙனம் ஏற்கப்படும் என்று வினவினார்கள். அப்படியிருக்க, பொய்க் கையெழுத்தின் மீது ஏறிச் சென்று கஃபாவைத் தவாபு செய்பவனின் நிலை என்ன என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விசா என்பது ஃபிக்ஹுடைய பார்வையில் ‘அமான்’ ஆகும். ஒரு நாடு உங்களுக்கு அபயம் அளிக்கிறது; நீங்கள் அதன் நிபந்தனைகளை ஏற்கிறீர்கள். அமான் பெற்று நுழைந்தவன் அதற்குத் துரோகம் செய்வது கூடாது என்பது இமாம்களின் தீர்ப்பு. அந்நாட்டார் முஸ்லிம்களாயினும் பிறராயினும் இது ஒன்றே.

தபூக்கிலிருந்து ஒரு பாடம்

ஹிஜ்ரி 9இல் தபூக் யுத்தத்திற்கு நபி (ஸல்) அவர்கள் புறப்பட்டபோது, கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தக்க காரணமின்றிப் பின்தங்கிவிட்டார்கள். நபியவர்கள் மதீனா திரும்பியதும் பின்தங்கிய எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து, சத்தியம் செய்து, சாக்குகள் சொன்னார்கள். அவை ஏற்றுக்கொள்ளப்பட்டன. கஅப் (ரலி) அவர்களோ நாவன்மை மிக்கவர். நினைத்திருந்தால் அழகான சாக்கு ஒன்றைப் புனைந்து அன்றே தப்பியிருக்கலாம். ஆனால், இன்று பொய் சொல்லி நபியவர்களைத் திருப்திப்படுத்தினாலும் நாளை அல்லாஹ் உண்மையை வெளிப்படுத்திவிடுவான் என்று உணர்ந்து, எனக்கு எந்தக் காரணமும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

விளைவு என்ன? உடனே மன்னிப்புக் கிடைக்கவில்லை. முராரா (ரலி), ஹிலால் (ரலி) ஆகிய இருவரோடு கஅப் (ரலி) அவர்களும் 50 இரவுகள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். பூமி விரிந்திருந்தும் அவர்களுக்கு நெருக்கமாயிற்று. ஆனால் ஐம்பதாம் நாள் விடியலில் மன்னிப்பு வந்தது. அது சூரா தவ்பாவில் கியாமத்து நாள்வரை ஓதப்படுகிறது. சாக்குச் சொன்னவர்களைப் பற்றியும் அதே சூரா பேசுகிறது. எவ்வாறு பேசுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

உண்மை எழுதினால் விசா நிச்சயம் என்று யாரும் வாக்களிக்க முடியாது. சில வேளை தாமதமாகலாம், மறுக்கவும் படலாம். ஐம்பது இரவுகள் போன்ற நெருக்கம் வரலாம். உண்மையின் ஈடேற்றம் தாமதித்து வந்தாலும் நிலைத்து நிற்கும். பொய்யின் ஈடேற்றம் உடனே வரும்; எப்பொழுது இடியுமென்று தெரியாது.

சிறைக் கதவு திறந்தும் வெளிவராதவர்

யூசுஃப் (அலை) அவர்களிடம் மீண்டும் வருவோம். அரசன் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்னபின், அவர்களை அழைத்துவர ஆள் வந்தான். பல்லாண்டுச் சிறைக்குப்பின் கதவு திறந்தது. ஆனால் யூசுஃப் (அலை) அவர்கள் வெளியே வரவில்லை. தம் கைகளை வெட்டிக்கொண்ட அப்பெண்களின் விஷயம் என்னவென்று விசாரிக்கும்படி அரசனிடம் திருப்பியனுப்பினார்கள். விசாரணை நடந்தது, அப்பெண்கள் உண்மை சொன்னார்கள், அஜீஸின் மனைவியும் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பழி நீங்கிய பிறகே அவர்கள் வெளிவந்தார்கள். அந்தப் பொறுமையை நம் நபி (ஸல்) அவர்களே வியந்து பேசியுள்ளார்கள்.

நம் காலத்திலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. 2020இல் கொரோனாக் காலத்தில், தப்லீக் பணிக்காக வந்திருந்த வெளிநாட்டவர் பலர் மீது விசா நிபந்தனைகளையும் நோய்த்தடுப்பு விதிகளையும் மீறியதாக வழக்குகள் போடப்பட்டன. டெல்லி வழக்கில் பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறு அபராதம் செலுத்தி ஊர் திரும்பினார்கள். குடும்பத்தை விட்டுத் தவித்தவர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் 44 பேர், நாங்கள் குற்றம் செய்யவில்லை, விசாரணையைச் சந்திக்கிறோம் என்று நின்றார்கள். அவர்களில் 8 பேரை ஆகஸ்டிலும், எஞ்சிய 36 பேரை 2020 டிசம்பர் 15ஆம் நாளிலும் நீதிமன்றம் விடுவித்தது. மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்; ஆனால் பழியைச் சுமந்து விமானம் ஏறவில்லை.

தமிழகத்தில் கைதானவர்களின் வழக்கு வேறு விதமாயிருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அவர்கள் விசா நிபந்தனையை மீறியதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்கள். அவர்கள் பட்ட துன்பம் போதும் என்று கருதி நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2020 ஜூனில் வழக்கை முடித்து வைத்தார். தவறு செய்யாதவர் யூசுஃப் (அலை) அவர்களைப்போல் நிற்கட்டும். தவறியவர் கஅப் (ரலி) அவர்களைப்போல் ஒப்புக்கொள்ளட்டும். இரண்டிலும் பொய்க்கு இடமில்லை.

செய்ய வேண்டியவை

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கக் கற்றவர்கள் நாம். ஆகவே நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, உங்கள் வழக்கு என்னவாயிற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். விடுதலையா, அபராதமா, கைவிடப்பட்டதா, நிலுவையா என்பதற்கான நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெற்று வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, பாஸ்போர்ட். 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம் ஒவ்வொரு பழைய கைதுக்கும் தடை போடவில்லை. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதும், ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகக் கடந்த 5 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருப்பதும் அச்சட்டம் சொல்லும் தடைகளில் உள்ளவை. வழக்கு நிலுவையில் இருந்தாலும் வழி அடைபடவில்லை. அந்த நீதிமன்றத்திலேயே மனுச் செய்து வெளிநாடு செல்ல அனுமதி பெற்றால், 1993 ஆகஸ்ட் 25ஆம் நாள் அரசு அறிவிக்கையின்படி குறுகிய காலப் பாஸ்போர்ட் பெறலாம். வெளிநாடு செல்வது ஒருவனின் தனிமனித சுதந்திரத்தைச் சேர்ந்தது என்று மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. ஆனால் உண்மையை மறைத்துப் பாஸ்போர்ட் வாங்கினால், அது பறிக்கப்படுவதோடு 2 ஆண்டு வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிறு கைதை மறைக்கப்போய்ப் பெரிய கைதைத் தேடிக்கொள்வது புத்தியாகுமா?

மூன்றாவது, கேள்வியை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு நாட்டின் கேள்வியும் ஒரே மாதிரி இல்லை. நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா என்று சிங்கப்பூர்ப் படிவம் கேட்கும். விடுதலை பெற்றவர் அதற்கு “இல்லை” என்று எழுதுவது பொய்யன்று. அமெரிக்கப் படிவமோ, பின்னர் மன்னிக்கப்பட்டிருந்தாலுங்கூட, கைதானதுண்டா என்றே கேட்கும். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு, ஊரடங்கை மீறியதாகப் பதிவான சுமார் 10 இலட்சம் வழக்குகளையும், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்த போராட்ட வழக்குகளில் வன்முறை போன்றவை நீங்கலாக ஏனையவற்றையும் கைவிடுவதாக அறிவித்தது. வழக்குப் போய்விட்டது, ஆனால் அதில் கைதாகியிருந்தால், கைது நடந்தது நடந்ததே. அங்கே “உண்டு” என்று எழுதி, நாள், இடம், காரணம், முடிவு ஆகியவற்றை இரண்டு வரியில் விளக்கி, உத்தரவு நகலைக் காட்டுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் போதும். கேட்காத பாவங்களைக் கொட்ட வேண்டியதில்லை. அல்லாஹ் போட்ட திரையைக் கிழிக்காதீர்கள்.

தெரிந்தே முக்கியமான செய்தியைப் பொய்யாகக் கூறினால் அமெரிக்கச் சட்டம் வாழ்நாள் தடையே விதிக்கிறது. ஏமாற்றியதாகக் கண்டால் பிரிட்டன் 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்களை மறுக்கக்கூடும். பழைய சிறு கைதுக்கு இத்தகைய தண்டனை பெரும்பாலும் இல்லை.

நான்காவது, ஏஜெண்டு நிரப்பிய படிவத்தைப் படிக்காமல் ஒப்பமிடாதீர்கள். எழுதியவர் அவராயினும் சாட்சி நீங்கள்தான்.

ஜமாஅத்தார்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு வாலிபன் உண்மையை எழுதத் துணிவதற்கு, அவனைச் சுற்றியிருப்போரும் துணை நிற்க வேண்டும். அவன் கைதான செய்தியைத் திண்ணைதோறும் பேசுவது புறம். அவன் தவ்பாச் செய்த பிறகு, பழைய பாவத்தைக் குத்திக்காட்டிப் பெண் கொடுக்க மறுப்பது அநீதி. வழக்குத் தாள்களைத் தேடி எடுக்கவும், வழக்கறிஞரைக் காணவும் வழி தெரியாத ஏழைப் பிள்ளைகளுக்கு ஜமாஅத்தில் விவரம் தெரிந்த நால்வர் உதவினால், அது அவர்களைப் பொய்யிலிருந்து காத்த நன்மையாகும். ஏஜெண்டிடம் அவர்கள் ஓடுவதற்குக் காரணமே, நம்மிடம் சொல்ல அஞ்சுவதுதான்.

சகோதரர்களே! ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். எந்தத் தூதரகமும் அதை எழுதவில்லை. நமக்கு விதித்த கவளம் பாரிஸில் இருந்தால் பாரிஸ் வரும். காரைக்காலில் இருந்தால் காரைக்காலிலேயே வரும். அதை ஹலாலாக உண்பதா, ஹராமாக உண்பதா என்பது மட்டுமே நம் கையில் விடப்பட்டிருக்கிறது. நாளை மஹ்ஷரில் ஒரு பட்டோலை நம் கையில் தரப்படும். அதிலே எந்த ஏஜெண்டும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அதற்கு வெட்கப்படாதபடி இன்றைய படிவங்களை நிரப்புவோமாக!

வல்ல அல்லாஹ் நம் நாவையும் பேனாவையும் வாய்மையில் நிலைபெறச் செய்வானாக! நம் சபராளிகளை ஸலாமத்தாகப் போகவும் திரும்பவும் வைப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!