தாயாக வந்தவர் நேரம் பார்க்கவில்லை!

சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் காட்டுமன்னார்கோயில். நாதமுனிகளும் அவருடைய பேரர் ஆளவந்தாரும் அவதரித்த புண்ணிய பூமி. வீரநாராயணப் பெருமாளையும் மரகதவல்லித் தாயாரையும் சேவித்துவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள். அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு.

''பொண்ணுக்கு ஒன்பதாம் மாசம். ஜோசியர் மூணு நேரம் குறிச்சுக் கொடுத்திருக்கார். பெருமாள் பாதத்துல வச்சு வாங்கணும். இதுல ஒரு நேரத்துல சிசேரியன் பண்ணிட்டா, பிறக்கிற புள்ளைக்கு ராஜயோகமாம்!''

''டாக்டர் சிசேரியன் வேணும்னு சொன்னாங்களா?''

''இல்லியே... எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாங்க.''

சகோதரிகளே, இந்தச் சீட்டு நம்மில் பலர் வீட்டுப் பூஜையறையிலும் இருந்திருக்கிறதுதானே?

நாதமுனிகளுக்கு ஆனி அனுஷம், ஆளவந்தாருக்கு ஆடி உத்திராடம். இந்த நாட்களை இன்றும் கொண்டாடுகிறோம். யாரும் அவற்றைக் குறித்துக் கொடுக்கவில்லை. அந்த மகான்கள் பிறந்ததால்தான் அந்த நட்சத்திரங்களுக்கே ஏற்றம்!

சிசேரியன் பாவமல்ல. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு வழியை மறைத்தாலோ, இரண்டு உயிரையும் காப்பது அந்தக் கத்திதான். அப்படிப் பெற்றவளை 'வலி தாங்காதவள்' என்று பேசுவதுதான் பாவம். ஆனால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் சுமார் 64. காரணமில்லாமல் 39 வாரம் நிறையும் முன்பே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். தாய்க்கோ, அடுத்த பிரசவத்தில் பழைய தழும்பின்மேல் நஞ்சு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து.

இவ்வூரின் வீராணம் ஏரிக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியே நீர் வருகிறது. எல்லாம் காவிரித் தண்ணீர்தான். அதே காவிரியில் வெள்ளம் வந்ததால் நடந்த கதை ஒன்று திருச்சி மலைக்கோட்டையில் உண்டு. (பெருமாள் கோயிலில் சிவன் கதையா என்று கோபிக்காதீர்கள்!)

ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பிரசவ நேரம். அவள் அம்மா புறப்பட்டு வந்தாள். ஆற்றைக் கடக்க முடியவில்லை. இங்கே மகளுக்கு வலி வந்துவிட்டது. ஈசனே அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நிற்கும்வரை தாயையும் சேயையும் கவனித்துக்கொண்டார். அதனால்தான் அவர் தாயுமானவர். சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் செலுத்துகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, குழந்தை பிறந்ததும் அவர் கிளம்பிவிடவில்லை என்பது. நாமோ குழந்தையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறோம். பெற்றவள் சாப்பிட்டாளா, கண்ணயர்ந்தாளா என்று யார் கேட்கிறோம்? 'வயிறு போட்டுவிடும்' என்று தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறோம். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். வேண்டிய மட்டும் கொடுங்கள். பூண்டுக் குழம்பும் சுக்கு லேகியமும் இருக்கட்டும், பருப்பும் கீரையும் பழமும் கூடவே இருக்கட்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். ஆறு வாரத்துக்குக் கனமான குடத்தைத் தூக்க விடாதீர்கள்.

தீட்டு நாள், கோயிலுக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பொருந்தாது. ஒரு மணி நேரத்தில் துணி முழுக்க நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், பார்வை மங்கும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம்... எது வந்தாலும் உடனே கிளம்புங்கள். இரண்டு வாரம் தாண்டியும் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், 'திமிர்' என்று சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். சீட்டை நான்காக மடித்துக்கொண்டு கேட்டார்: ''அப்போ பெருமாள்கிட்ட என்னன்னுதாம்மா வேண்டிக்கிறது?''

''எந்த நேரத்துல வலி வந்தாலும் வண்டி கிடைக்கணும்னு வேண்டிக்கோங்க.''

சிரித்துவிட்டார். அர்ச்சனைத் தட்டோடு எழுந்து போனார். பட்டர் கேட்டதும், மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.