நன்றிப் பகுதி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி அறையில் நாங்கள் சிலர் உட்கார்ந்து காணிக்கை எண்ணுவோம். சில்லறையைப் பிரிப்பது, நோட்டுகளை அடுக்குவது, ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைத் திறந்து பெயரையும் தொகையையும் காரணத்தையும் சீட்டில் எழுதுவது. அந்தச் சீட்டைத்தான் அடுத்த ஞாயிறு போதகர் ஐயர் சபையில் வாசிப்பார். பரீட்சையில் தேறியது, புது வீடு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எழுதும் கை யோசிக்காமல் ஓடும்.

ஒரு ஞாயிறு அந்தக் கை ஒரு கவரில் நின்றுவிட்டது. நூறு ரூபாய். ‘எங்கள் 4 பேரையும் காத்து நடத்தியதற்காக.’ கீழே ஒரு அம்மாவின் பெயர். அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். முந்தைய மாதம்தான் மூத்த மகனை அடக்கம் செய்தோம். நாற்கரச் சாலையில் பைக் விபத்து. அதற்கு மேல் சொல்ல மனமில்லை.

“அண்ணாச்சி, நாலுன்னு போட்டிருக்காவ. மூணுன்னு மாத்திருவோமா?” என்றார் பக்கத்திலிருந்த தம்பி. யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சீட்டில் ‘குடும்பத்தாரை’ என்று எழுதினோம். எண் போய்விட்டது. ஐயரும் அப்படியே வாசித்தார்.

எனக்குத்தான் அந்த 4 போகவில்லை. பேனாவை அழுத்தி எழுதியிருந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. பழக்கத்தில் கை எழுதியிருக்கலாம். வருஷா வருஷம் அதே மாதத்தில் அதே வாசகத்தோடு அவர் கவர் போட்டு வந்தவரா என்று பழைய சீட்டுகளைப் புரட்டினால் தெரிந்துவிடும். புரட்டவில்லை. வெறும் பழக்கம் என்று தெரிந்துவிட்டால் இந்தக் கேள்வி அதோடு முடிந்துவிடும். அது அப்படி முடிவதை மனசு ஏற்கவில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில், வெளியூர் கிளம்புகிறவரை 121-ஆம் சங்கீதம் வாசித்து ஜெபிக்காமல் படி இறங்க விடமாட்டார்கள். எட்டே வசனம். எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர்களின் பாட்டு. நம்மைக் காக்கிறவர் கண்ணயர்வதில்லை என்ற நம்பிக்கையே அது முழுவதும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நாங்கள் நெளிந்தாலும் அப்பா ஒரு வசனத்தையும் விடமாட்டார். போய்ச் சேர்ந்தோம், திரும்பி வந்தோம், ஸ்தோத்திரம். யோசித்துப் பார்த்தால் என் நன்றிகள் எல்லாமே இந்த வகைதான். தப்பியதற்காக, வர இருந்தது வராமல் போனதற்காக. அவற்றில் பொய் இல்லை. எதிரே வந்த லாரிக்கும் எங்கள் காருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லாத இரவில் நான் சொன்ன ஸ்தோத்திரத்தை இன்றைக்கும் அதே நடுக்கத்தோடு சொல்வேன். ஆனால் அந்தப் பையன் கிளம்பிய காலையிலும் அந்த வீட்டில் அதே சங்கீதத்தை வாசித்திருப்பார்கள்.

கல்லூரியில் ஓர் ஆங்கிலக் கவிதை பாடமாக இருந்தது. வேர்ட்ஸ்வொர்த் எழுதியது, 1798-இல் வந்தது. ஒரு சிறுமியோடு பிறந்தவர்களில் இருவர் கல்லறையில் கிடக்கிறார்கள். கேட்கிறவர் எத்தனை தடவை கழித்துக் காட்டினாலும் ‘நாங்கள் ஏழு பேர்’ என்பதை அவள் விடுவதில்லை. வரிகள் மறந்துவிட்டன, அந்தப் பிடிவாதம் மட்டும் நினைவிருக்கிறது. குழந்தைக்கு மரணம் விளங்கவில்லை என்று வகுப்பில் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் இங்கே செல்லாது. இந்த அம்மா அரசு மருத்துவமனை வாசலில் விடிய விடியக் காத்திருந்தவர். பெட்டியை மூடும்போது பக்கத்தில் நின்றவர். கழித்தல் அவருக்குத் தெரியும்.

ஆச்சியின் ஜெபம் ஞாபகம் வருகிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஓலைப்பாயில் எல்லாரும் முழங்கால் போட்டிருப்போம். அடுக்களையிலிருந்து உளுந்தஞ்சோற்று வாசனை வந்துகொண்டிருக்கும். ஆச்சி ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள்: கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பா, மதுரை அத்தை, அத்தையின் பிள்ளைகள், பட்டாளத்தில் இருந்த சித்தப்பா. நாங்கள் விரலை மடக்கி எண்ணுவோம். சித்தப்பா இறந்த பிறகு அந்த வரிசையில் அவர் பெயர் இல்லை. மரித்தவர்களுக்காக விண்ணப்பம் செய்வது எங்கள் சபை வழக்கமல்ல. ஆச்சி அதில் கண்டிப்பு. ஆனால் முடிவில், நன்றி சொல்லும் பகுதியில், அவர் பெயர் வந்தது. கேட்கும் பகுதியிலிருந்து அங்கே மாறியிருந்தது, அவ்வளவுதான். ஜெபம் குறையவே இல்லை. ஆச்சிக்கு வயதாக ஆக நன்றிப் பகுதிதான் நீண்டுகொண்டே போனது.

எதற்கு நன்றி சொன்னாள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. சித்தப்பாவைத் தந்ததற்கா, எடுத்துக்கொண்டதற்கா, இன்னும் தன் கையில் வைத்திருப்பதற்கா?

இந்தக் கேள்வியோடு டோனாவூரும் நினைவுக்கு வருகிறது. சிறுவயதில் எங்களை அங்கே கூட்டிப்போயிருக்கிறார்கள். மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் பிள்ளைகளை வளர்த்த இடம். 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். 1951-இல் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் படுக்கைதான். அந்தப் படுக்கையிலிருந்து நோயாளிகளுக்காக அவர் எழுதிய ஒரு புத்தகம் உண்டு. நன்றாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல் தன்னை வந்து தொடவில்லை என்று அதில் சொல்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது, ‘அம்மா’ என்ற எழுத்தோடு.

தொட்டியை நினைத்தால் குருவிகளிடம் போகிறது மனம். அடைக்கலான் குருவிகளைப் பற்றி இயேசு பேசிய இடத்தில், அவை விழாது என்று அவர் சொல்லவில்லை. காசுக்கு இரண்டு என்று விற்ற குருவிகள் அவை. விழும், ஆனால் பிதாவுக்குப் புறம்பாக விழாது. ஓய்வுநாள் பள்ளியில் இதைப் பாதுகாப்பின் வசனமாகவே மனப்பாடம் செய்தேன். இப்போது வாசிக்கும்போது அந்த விழுதல்தான் முதலில் கண்ணில் படுகிறது. பயமாகவும் இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது. காப்பு என்பது விபத்து நேராத சாலை மட்டும்தான் என்றால், அந்த வீட்டில் அது ஒரே காலையில் தீர்ந்துவிட்டது. விழுந்த இடத்திலும் பிதா இருந்தார் என்றால், அம்மா எழுதிய 4 சரியான கணக்கு. நான் அப்படித்தான் நம்புகிறேன். என் நன்றிகளுக்கு அது இன்னும் பெரிய இடம் தருகிறது.

ஆனால் இதை எழுதும் நேரத்தில் என் பிள்ளைகள் பக்கத்து அறையில் சுகமாகத் தூங்குகிறார்கள். கார்மைக்கேலைத் தொடாமல் போன அந்த வகை ஆறுதல்தான் இதுவும்.

பிறகு ஒருநாள், சபையின் அசன விருந்துக்கு முந்தின ராத்திரி, அந்த அம்மா மற்றப் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “பிள்ளையளெல்லாம் நல்லா இருக்காவளா தம்பி?” என்று கேட்டார். “ஆண்டவர் கிருபையில நல்லா இருக்காங்கம்மா” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தச் சொல் யார் முன்னால் நிற்கிறது என்று உறைத்தது. அவர் முகம் மாறவில்லை. “ஸ்தோத்திரம்” என்றார், முழு மனதாக. கவரைப் பற்றிக் கேட்க எனக்கு நா எழவில்லை.

இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் அப்பாவின் பெயரை நன்றிப் பகுதியில் சொல்கிறேன். எண்பதைத் தாண்டி, பேரப்பிள்ளைகள் சுற்றியிருக்கப் போனவர். அவருக்காக நன்றி சொல்வது கடினமல்ல. கேட்கும் பகுதியில் இருக்கிற பெயர் ஒன்றை ஒரே நாளில் அங்கே மாற்ற நேர்ந்தால் என்னால் முடியுமா? தெரியவில்லை. முடியும் என்று சொல்லத் துணிவில்லை. முடிந்த ஒருவரைப் பார்த்திருப்பதால், முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.