நிறைமாத வீட்டு வாசலில்



டிசம்பர் 23-ஆம் நாளான இன்றைக்குத் திருச்சபை நமக்கு வைத்திருக்கும் நற்செய்தி ஒரு பிரசவச் செய்தி. எலிசபெத்துக்கு நாள் நிறைந்தது, ஆண்பிள்ளை பிறந்தது என்கிறார் லூக்கா. வயதான காலத்தில் வந்த தலைப்பிள்ளை. இந்த ஊரூர் ஒல்காட் குப்பத்தில், உங்கள் அன்பியத்தின் நடுவே நின்று அதை வாசிக்கும்போது, எலிசபெத்து எங்கோ யூதேயா மலைநாட்டில் இருப்பவராக எனக்குத் தோன்றவில்லை. இதே சந்தில் ஒரு மகள் நிறைமாதமாக இருக்கிறாள். தலைப்பிரசவம். டாக்டர் கொடுத்த தேதி போய் மூன்று நாளாகிறது.

நேற்று மாலை அந்த வீட்டுக்குப் போனேன். வாசற்படி ஓரம் கட்டைப்பை தயாராக இருந்தது. உள்ளே ஸ்கேன் ரிப்போர்ட், கர்ப்பப் பதிவின் பிக்மி நம்பர் எழுதின அட்டை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணிகள். நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் நான்கு போன். நான்கிலும் ஒரே கேள்வி: "இன்னுமா வலி வரல?" நான்காவது போனை வைத்ததும் அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். "எங்கிட்ட ஏதாச்சும் குறை இருக்கா ஃபாதர்?"

ஒரு குறையும் இல்லை மகளே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போட்ட உத்தேசத் தேதி அது. சரியாக அன்றைக்கே பெற்றெடுப்பவர்கள் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர்தான். தலைப்பிள்ளை சில நாள் தள்ளிப்போவது சகஜம். 41 வாரத்தை ஒட்டி வந்தால், மருந்து கொடுத்து வலி வரவழைப்பதைப் பற்றி டாக்டரே பேசுவார். அதற்கும் பயப்பட வேண்டாம். வாடைக் காற்றையும், நீரோட்டம் வன்னியா தெண்டியா என்பதையும் பார்த்துப் படகு இறக்குகிற ஊர் இது. காலண்டரைக் காட்டி அவளை ஏன் அவசரப்படுத்துகிறோம்?

நம் சென்னையிலேயே இந்தக் காத்திருப்புக்கு ஒரு கோயில் இருக்கிறது. புனித தோமையார் மலையில் போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய ஆலயம், எதிர்நோக்கும் அன்னையின் பெயரில் நிற்கிறது. டிசம்பர் 18 அந்த அன்னையின் நாள். வயிற்றில் பிள்ளையோடு நாள் எண்ணிய மரியா அவர். இதே கடற்கரையின் தென்கோடியில் குழந்தையைக் கையில் ஏந்திய வேளாங்கண்ணி மாதாவிடம் நடந்தே போகிற நாம், பிள்ளை கைக்கு வருமுன் இருந்த மாதாவை அதிகம் நினைப்பதில்லை.

நற்செய்திக்கு வருகிறேன். எட்டாம் நாள் பெயர் சூட்ட உறவும் தெருவும் கூடுகிறது. தகப்பன் பெயரான செக்கரியா என்றே வைக்கலாம் என்கிறார்கள். யோவான் என்று வைக்க வேண்டும் என்கிறார் தாய். யாரும் ஏற்கவில்லை. பெற்றவள் வாய்திறந்து சொன்ன பிறகும், பேச முடியாமல் இருக்கும் தகப்பனிடம் போய்ச் சைகை காட்டிக் கேட்கிறார்கள்! இந்த இடத்தை எத்தனையோ ஆண்டு வாசித்தும் நான் கவனிக்கவில்லை. நேற்று அந்த வீட்டில் இருந்து வந்த பிறகுதான் உறைத்தது.

நாமும் அதைத்தான் செய்கிறோம். "காலையிலேர்ந்து புள்ள சரியா அசையல" என்கிறாள் அவள். "பிரசவ நேரத்துல அசைவு குறையும்டி, விடியட்டும்" என்கிறோம். அது தவறு, அம்மாமார்களே. பிள்ளை கடைசி வரை அசையும். குறைந்ததாக அவள் சொன்னால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சூட்டு வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுப்பது நம் பாட்டிமார் வழக்கம். விட்டுவிட்டு வந்து, கொஞ்சம் நடந்தால் அடங்குகிற வலிக்கு அது போதும். இடைவெளி குறைந்துகொண்டே வந்து, இடுப்பிலிருந்து முன்வயிற்றுக்குச் சுற்றி, படுத்தாலும் நடந்தாலும் ஏறிக்கொண்டே போனால் அது பிரசவ வலி. பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் போனாலும், கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலும் கஷாயத்துக்கு நேரமில்லை. உடனே 108.

முதல் பிரசவம் அரை நாளுக்கு மேலும் நீளும். அத்தனை நேரமும் அவளுக்கு ஒரு கை வேண்டும். கருவுற்ற மரியா எலிசபெத்திடம் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. யார் போவது என்று இன்றே பேசிவையுங்கள். அந்தப் பிள்ளை யாரைக் கேட்கிறாளோ அவரே போகட்டும்.

தம்பிமாருக்கு ஒன்று. ஸ்டார் கட்டுங்கள், குடில் போடுங்கள், சந்தோஷம். ஆனால் இன்று ராத்திரியிலிருந்து சந்து முனையில் யாரும் பைக் நிறுத்த வேண்டாம். நேற்று எண்ணினேன், ஏழு நின்றது. 108 வண்டி உள்ளே வர வேண்டும்.